செம்பனைக் காட்டுக்கு எந்த டிரெய்லர்?

லாயாங் லாயாங் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பட்டம் என்றும் பொருள் உண்டு, தகைவிலான் குருவி என்றும் பொருள் உண்டு. ஜொகூர், குளுவாங் மாவட்டத்தில் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் சிற்றூரில் பறப்பவற்றைவிடத் தரையில் உருள்பவைதான் முக்கியம். ஊரைச் சுற்றிச் செம்பனை. இந்த வட்டாரத்து உலு ரெமிஸ் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட செம்பனை இனம், 'உலு ரெமிஸ்' என்ற பெயரிலேயே உலகெங்கும் உள்ள செம்பனை ஆய்வாளர்களுக்குத் தெரியும்.

விதைக்கு அவ்வளவு ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அந்த விதை மரமாகிக் காய்த்து, வெட்டி வீழ்த்திய குலை சாலையோரம் வந்து சேர ஓர் இருநூறு மீட்டர் கடக்க வேண்டியிருக்கிறதே, அந்த இருநூறு மீட்டரைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்?

தோட்ட இயந்திரமயம் பற்றித் தொலைக்காட்சியில் கலந்துரையாடல் என்றால் பேச்சு உடனே டிரோன், ரோபோ என்று போய்விடும். நல்லதுதான். ஆனால் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று நிலம் வைத்திருக்கும் நம்மவர்களின் கேள்வி வேறு. இந்தக் குலைகளை யார் சுமப்பது, எதில் ஏற்றுவது என்பதே அவர்கள் கேள்வி. அதற்குப் பதிலாகச் சந்தையில் ஒரு பொருள் இருக்கிறது. சின்ன டிராக்டருக்குப் பின்னால் பூட்டி, பாதையே இல்லாத இடத்திலும் இழுத்துச் செல்லக்கூடிய சிறிய, முரட்டு டிரெய்லர். எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது, வாங்கத்தான் வேண்டுமா என்று சற்று விளக்கமாகவே பார்க்கலாம்.

தோளிலிருந்து சக்கரத்துக்கு

இந்நாட்டில் வணிக அடிப்படையில் செம்பனை முதலில் நடப்பட்டது 1917-இல், சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில். அன்றிலிருந்து பல பத்தாண்டுகளுக்குக் குலையைச் சுமந்தது மனிதத் தோள்தான். கம்பின் இரு முனையிலும் கூடை கட்டிச் சுமந்தார்கள். பிறகு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி வந்தது. சில பெரிய தோட்டங்கள் சிறு தண்டவாளமே போட்டன. எருமை வண்டியும் மாட்டு வண்டியும் வந்தன. தோட்டத்தில் மாடு வளர்த்த நம்மவர்களுக்கு அந்த வண்டிகளின் அருமை தெரியும். மாடு சேற்றில் இறங்கி ஏறும், சரிவில் நிற்கும், டீசல் கேட்காது. இன்றும் எருமை வண்டியை முற்றாகக் கைவிடாத தோட்டங்கள் உண்டென்றால் காரணம் பழம்பெருமை அல்ல, எருமையின் கால்.

அதற்கும் பிறகுதான் இயந்திரங்கள். மலாய்ப் பழங்கதையில் வரும் பலசாலி படாங்கின் பெயரைச் சூட்டிக்கொண்ட மூன்று சக்கர வண்டி ஒன்று வந்தது. சின்ன டிராக்டரும் அதன் பின்னால் டிரெய்லரும் வந்தன. டிராக்டரிலேயே குலையைக் கவ்வித் தூக்கும் இயந்திரக் கை பொருத்தியவையும் வந்தன. பெரிய நிறுவனங்கள் இவற்றுக்கேற்ப நடவு வரிசையையும் பாதையையும் திட்டமிட்டுக்கொண்டன. சிறு தோட்டக்காரர் மட்டும் தள்ளுவண்டியிலேயே நின்றுவிட்டார்.

இதில் நட்டம் எங்கே வருகிறது? செம்பனைப் பழம் அடிபட்ட கணத்திலிருந்து அதில் உள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. கொழுப்பு அமிலம் கூடுகிறது. கச்சா எண்ணெயில் இந்த அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் தரம் குறைந்ததாகக் கணக்கு. அதனால்தான் வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்விட வேண்டும் என்கிறார்கள். இன்று வெட்டி, நாளை சுமந்து, நாளை மறுநாள் லாரி ஏற்றினால் குலை வாடி எடை குறையும், உதிரி சிதறும். நன்கு பழுத்து உதிர்ந்த பழத்தில்தான் எண்ணெய் மிகுதி என்பதை மறந்துவிடக் கூடாது. தரையில் கொட்டி விட்டுவரும் உதிரி, காசைக் கொட்டி விட்டுவருவது போலத்தான்.

2020 முதல் 2022 வரை நாடே இதை அனுபவித்தது. கோவிட் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றது. 2021 செப்டம்பரில் தோட்டத் துறைக்கு 32,000 பேரைக் கொண்டுவர அரசாங்கம் சிறப்பு அனுமதி கொடுத்தும் ஆள் உடனே வந்து சேரவில்லை. 2022-இல் பற்றாக்குறை ஏறத்தாழ 120,000 பேர் என்று தோட்ட நிறுவனங்களின் சங்கம் மதிப்பிட்டது. அதே 2022-இல்தான் கச்சா செம்பனை எண்ணெய் விலை டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது. விலை உச்சியில் இருந்த நேரத்தில் பழம் மரத்திலேயே அழுகியது. தோட்ட இயந்திரமய ஆய்வுக்கென்று 'மார்கோப்' என்ற கூட்டமைப்பு 2021-இல் அரசாங்கமும் தனியார் துறையும் சேர்ந்து போட்ட பணத்தில் உருவானதற்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

ஒரு சின்னக் கணக்கு

ஐந்து ஏக்கர் என்பது இரண்டு ஹெக்டர். அண்மைய ஆண்டுகளில் நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டருக்கு ஏறத்தாழ 16 டன் குலை. ஆக ஆண்டுக்கு 32 டன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் ஆண்டில் 26 சுற்று. ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் டன். குலை ஒன்று 17 கிலோ என்று வைத்துக்கொண்டால் எழுபதுக்கும் மேற்பட்ட குலைகள்.

தள்ளுவண்டியில் ஐந்து குலை வைத்தால் பதினைந்து நடை. போய்வர இருநூறு மீட்டர் என்றாலும் மூன்று கிலோமீட்டர். அதில் பாதி தூரம் 85 கிலோ சுமையோடு, மட்டைகளுக்கும் வேருக்கும் இடையில், மழைச் சேற்றில். இருபது வயதில் செய்துவிடலாம். நிலத்துக்குச் சொந்தக்காரர் அறுபதைக் கடந்தவராகவும் பிள்ளைகள் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களாகவும் இருந்தால்? குத்தகைக்காரரிடம் ஒப்படைப்பார். வெட்டுக் கூலி, சுமைக் கூலி, லாரிக் கூலி எல்லாம் போக மிஞ்சுவதைப் பார்த்து ஒருநாள் நிலத்தையே கொடுத்துவிடலாமா என்று யோசிப்பார். சின்ன டிரெய்லரைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் இதுதான். அந்த இருநூறு மீட்டரைக் கடக்க வழியில்லாத நிலம், கையில் நிற்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. மலேசிய செம்பனை வாரியம் உருவாக்கிய 'கந்தாஸ்' என்ற மோட்டார் அரிவாள் வெட்டும் வேலையை விரைவாக்கியது. வெட்டுவது விரைவானால் சுமப்பதும் விரைவாக வேண்டும். இல்லாவிட்டால் குலை மரத்தில் கிடப்பதற்குப் பதில் தரையில் கிடக்கும், அவ்வளவுதான் மாற்றம்.

பெட்டியைப் பார்க்காதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள்

டிரெய்லர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது பெட்டியின் அளவைத்தான். ஒரு டன் பிடிக்குமா, இரண்டு டன் பிடிக்குமா என்று கேட்பார். இது தலைகீழான கேள்வி.

லாயாங் லாயாங் பக்கத்து மண்ணை எடுத்துக்கொள்வோம். அடுத்த ஊரான ரெங்கத்தின் பெயரையே மண்ணியலாளர்கள் ஒரு மண் வகைக்குச் சூட்டியிருக்கிறார்கள். கருங்கல் பாறை சிதைந்து உருவான, ஆழமான, மணல் கலந்த களிமண் அது. நீர் நன்றாக வடியும்; செம்பனைக்கு ஏற்றது. மேட்டில் வண்டி ஓட்டினால் பிரச்சினை இல்லை. ஆனால் மேடு இறங்கிப் பள்ளத்துக்கு வந்தால் கதை மாறிவிடும். ஆண்டு இறுதியின் வடகிழக்குப் பருவமழையில் பள்ளத்து மண் சோறு போலக் குழைந்துவிடும். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும், மீண்டும் 2023 மார்ச்சிலும் ஜொகூரைப் புரட்டிப்போட்ட வெள்ளங்களைக் குளுவாங் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

மென்மையான மண்ணில் வண்டி புதைவதற்குக் காரணம் எடை மட்டுமல்ல. அந்த எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதே. டயருக்குள் உள்ள காற்றழுத்தம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு அழுத்தத்தை டயர் மண்ணுக்குக் கொடுக்கும். லாரி டயரில் 100 பிஎஸ்ஐ அளவில் காற்று இருக்கும். அகன்ற விவசாய டயரில் 30-க்கும் கீழே வைத்து ஓட்டலாம். அதே சுமைதான், மண் உணரும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு. செலவைக் குறைக்கக் கழித்துப் போட்ட லாரி டயரை மாட்டித் தரும் பட்டறைகள் உண்டு. தார்ச்சாலையில் அது உழைக்கும். காட்டில் மண்ணைக் கத்தி போல வெட்டும்.

வண்டி புதைவது அன்றைய தொல்லை. மண் இறுகிப் போவது ஆண்டுக்கணக்கான தொல்லை. செம்பனையின் உணவு உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் பரவியிருக்கிறது. ஒரே தடத்தில் கனமான வண்டி திரும்பத் திரும்பப் போனால் மண் இறுகும், மழைநீர் உள்ளே இறங்காது, வேர் மூச்சுவிடாது. அதனால் வரிசை விட்டு வரிசைதான் வண்டித் தடம். மற்ற வரிசையில் வெட்டிய மட்டைகளை அடுக்கி விடுவார்கள். நிலம் மிகவும் ஈரமாக இருந்தால் தடத்திலேயே கொஞ்சம் மட்டையைப் பரப்பி அதன்மேல் ஓட்டுவதும் உண்டு. செலவில்லாத சாலை அது.

அடுத்தது அச்சு. பழைய வேனின் அச்சை வெட்டிப் பொருத்திய டிரெய்லர் விலை குறைவாகக் கிடைக்கும். தட்டையான நிலத்துக்கு அதுவே போதும். மேடு பள்ளமான இடத்துக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டு சக்கரம், அந்த இரண்டும் தராசுத் தட்டுப் போல மேலும் கீழும் ஆடும்படி நடுவில் ஒரு முளையில் பொருத்திய அமைப்பு நல்லது. முன்சக்கரம் அடிமரத்தில் ஏறும்போது பின்சக்கரம் தரையில் இருக்கும். பெட்டி பாதி உயரமே தூக்கப்படும். குலை குலுங்காது, வண்டி சாயாது. டெரஸ் வெட்டிய சரிவு நிலமென்றால் வண்டியின் அகலத்தையும் முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பெட்டியின் அடித்தளம் கம்பி வலையாக இருந்தால் உதிரி வழியெல்லாம் கொட்டும். தகடாக இருக்க வேண்டும், நீர் வடியச் சில துளைகள் போதும். கையால் அள்ளிப் போடுவதானால் பக்கச் சுவர் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. இறக்குவதற்கு ஹைட்ராலிக் தூக்கி இருப்பது ஆடம்பரம் அல்ல. ஒன்றேகால் டன்னை இரண்டாம் முறை கையால் தூக்காமல் இருப்பதற்கான வழி. ஒவ்வொரு முறை தூக்கிப் போடும்போதும் பழம் நசுங்கும், முதுகும் நசுங்கும்.

பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள்

வெளிநாட்டுக் கதை ஒன்று இங்கே உதவும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் ஜீப்புக்குப் பின்னால் ஒரு குட்டி டிரெய்லர் ஓடியது. பெயர் 'கால் டன்' டிரெய்லர். சாலையில் அது 1,000 பவுண்டு சுமக்கலாம். சாலையை விட்டு இறங்கினால் 500 பவுண்டுதான் என்று விதி. அதாவது 450 கிலோ என்பது காட்டில் 225 கிலோவாகிவிடுகிறது. குலுக்கலும் சாய்வும் அச்சையும் இணைப்பையும் தாக்கும் விதம் அப்படி. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் விடுமுறைக் காலத்தில் குடும்பத்தோடு காட்டுப் பாதையில் இழுத்துச் செல்லும் சிறு கூடார வண்டிகளுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. அங்கே படுக்கையும் அடுப்பும் இருக்கும் இடத்தில் இங்கே குலை இருக்கிறது. மற்றபடி உயரமான அடிப்பாகம், பெரிய டயர், வலுவான இணைப்பு என்று பாடம் ஒன்றேதான்.

எனவே பட்டறைக்காரர் ஒரு டன் பிடிக்கும் என்றால் தார்ச்சாலையில் ஒரு டன், நமது காட்டில் அரை டன் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு. ஐந்து ஏக்கருக்கு அது மூன்று நடை. பதினைந்து நடை மூன்றாவது போதாதா என்ன? இரண்டு டன் டிரெய்லர் வாங்கி ஒரே நடையில் முடிக்க நினைப்பவர், அதை இழுக்கப் பெரிய டிராக்டரும் வாங்க வேண்டும். பெரிய டிராக்டர் பெரிய தடம் கேட்கும்.

உயிர் போகும் இடம்

இதை மட்டும் விரைவாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. டிரெய்லரை டிராக்டரின் இழுப்புக் கம்பியில், அதாவது பின் அச்சுக்குக் கீழே உள்ள இடத்தில்தான் பூட்ட வேண்டும். வசதிக்காக மேலே எங்காவது சங்கிலி போட்டு இழுத்தால், டிரெய்லர் சிக்கிக்கொள்ளும் கணத்தில் டிராக்டரின் மூக்கு மேலே எழும். அப்படி எழும் டிராக்டர் ஓட்டுநரின் மேலேயே பின்புறமாகக் கவிழும். திரும்ப முடியாத நிலையை எட்ட ஒரு விநாடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்கலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கவிழ்ந்தாலும் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் டிராக்டரில் இருக்கிறதா, இருக்கைப் பட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் பழைய டிராக்டரை வாங்காதீர்கள். உயரம் இடிக்கிறது என்று அந்தச் சட்டத்தை அறுத்துவிடுவது தற்கொலைக்குச் சமம்.

சுமையை ஏற்றும்போது அச்சுக்குச் சற்று முன்புறம் கனமாக இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது இணைப்பின் மேல் இறங்கினால் டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்புக் கிடைக்கும். பின்புறம் கனத்தால் டிராக்டரின் பின்பகுதி தூக்கப்பட்டுச் சக்கரம் வழுக்கும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் இறக்கத்தில் டிராக்டரையே தள்ளி மடக்கிவிடும். சரிவில் நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கவும் கூடாது.

ஒரு காலத்தில் தோட்டப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் வந்ததும் டிராக்டர் டிரெய்லரில்தான். அந்த நினைவு இனிமையாக இருக்கலாம். குலை ஏற்றும் டிரெய்லரில் ஆள் ஏற்றுவது இன்றைக்கும் ஆபத்துதான், அன்றைக்கும் ஆபத்துதான். கூலிக்கு வண்டி ஓட்டுபவர் சுயதொழில் செய்பவராக இருந்தால் 2017-ஆம் ஆண்டு சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோவில் பதிந்துகொள்ளலாம். விவசாயத் துறைக்கும் அது நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நிலத்தை விட்டு வெளியேறிப் பொதுச்சாலையில் ஏறும் வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும் வேண்டும் என்பது சாலைப் போக்குவரத்துச் சட்டம். எதிரே இருக்கும் ரேம்ப்புக்குச் சாலையைக் குறுக்கே கடந்தாலும் பொதுச்சாலை பொதுச்சாலைதான்.

வாங்குவதா, சேர்வதா?

இந்தச் சந்தையின் விசித்திரம், டிராக்டர் வெளிநாட்டிலிருந்து வருகிறது, டிரெய்லர் உள்ளூர்ப் பட்டறையில் பிறக்கிறது. இரும்பும் அச்சும் டயரும் இங்கேயே கிடைக்கும்போது காலிப் பெட்டியைக் கப்பலில் ஏற்றி வருவது யாருக்கும் கட்டுப்படியாகாது. வாங்குபவர்களும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஒருவருக்குச் சேறு, ஒருவருக்கு டெரஸ், ஒருவருக்குத் தட்டை நிலம். ஆகவே பெரிய நிறுவனம் ஆயிரக்கணக்கில் செய்து குவிக்கும் பொருளாக இது ஆகவில்லை. வெல்டிங் தெரிந்த நம் இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குக் குலையும் தெரியும், மண்ணும் தெரியும். மூன்றாவதாக இரும்பு தெரிந்தால் போதும்.

வாங்குபவர் பக்கம் வருவோம். ஐந்து ஏக்கர்க்காரருக்கு ஆண்டில் 26 நாள்தான் வேலை. மீதி 339 நாளும் டிராக்டரும் டிரெய்லரும் கொட்டகையில் நிற்கும். தனியாக வாங்குவது வீண் என்றே தோன்றுகிறது. 14 நாள் சுற்றில் இரண்டு நாள் ஓய்வும் பழுது பார்ப்பதும் போக, நாளுக்கு ஒருவர் என்றால் 12 பேர், 60 ஏக்கர். காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்றால் 24 பேர், 120 ஏக்கர். ஒரே வண்டி போதும். செம்பனை வாரியத்தின் வழிகாட்டுதலில் சிறு தோட்டக்காரர்களுக்கான கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. 'துனாஸ்' அதிகாரிகள் ஆலோசனை சொல்கிறார்கள். நம்மவர்கள் இதில் சேர்வதில் காட்டும் தயக்கம் புரியாத ஒன்று. கோயில் திருவிழாவுக்கு ஒன்றுகூடத் தெரிந்தவர்களுக்கு ஒரு டிராக்டருக்கு ஒன்றுகூட முடியாதா?

கூட்டாக வாங்கினால் வரும் சண்டைகளும் தெரிந்தவைதான். யார் முதலில் எடுப்பது, டீசல் யார் போடுவது, உடைந்தால் யார் கொடுப்பது. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது இந்தச் சண்டைகள் சூடானதில் வியப்பில்லை. தகுதியுள்ள சிறு தோட்டக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித் தொகை அறிவிக்கப்பட்டது. அது ஆளுக்கு வருவது, வண்டிக்கு அல்ல. ஆகவே ஏற்றிய டன்னுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வைத்து, ஓட்டுநர் கூலி, டீசல், பழுது நிதி மூன்றையும் அதிலிருந்தே எடுப்பதுதான் எளிது. ரேம்ப்பில் கொடுக்கும் எடைச் சீட்டே கணக்குப் புத்தகம், வாய்ப்பேச்சு வேண்டாம். ஓட்டுவது ஒருவராக மட்டும் இருக்கட்டும். பத்துப் பேர் ஓட்டும் டிராக்டருக்குக் கிளட்ச் தங்காது.

பழைய வண்டி வாங்குவோர் பெட்டியின் புதிய பெயின்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் பேரிங் நிலை தெரியும். இழுப்புக் கம்பி சட்டத்தோடு சேரும் இடத்தில் வெல்டிங் மேல் வெல்டிங் இருந்தால் அங்கே ஏற்கனவே ஒருமுறை உடைந்திருக்கிறது. புதியதோ பழையதோ, பட்டறை வாசலில் சிமெண்டுத் தரையில் ஓட்டிக் காட்டுவதை வைத்து முன்பணம் கொடுக்காதீர்கள். மழை பெய்த மறுநாள் காலை உங்கள் நிலத்தின் பள்ளத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். முப்பது குலையை ஏற்றி, மேடேறச் சொல்லுங்கள். பட்டறைக்காரர் தயங்கினால் அடுத்த பட்டறையைப் பார்க்கலாம்.